வான் பாய்ந்த நாள்

வன்னிக் காட்டைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று எங்களுடையது. மற்றது அம்மாவுடையது. ஒரே காடு, ஒரே கொட்டில், ஒரே மாரி. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்பவருக்கு இரண்டு குடும்பங்கள் இரண்டு வேறு தேசங்களில் வாழ்ந்ததுபோலத் தோன்றும்.

எங்களுடைய கதையில் பாலைப்பழம் இருக்கிறது. பழத்தின் பால் உதட்டில் ஒட்டி, வாய் திறக்க முடியாமல் நின்று சிரித்தது இருக்கிறது. இரவில் குளத்துப் பக்கம் பிளிறிய யானை, தவளைகள் நிறைந்த பங்கர், மரத்துக்குக் கீழே நடந்த பள்ளிக்கூடம், மழை நாட்களில் அந்தப் பள்ளிக்கூடமும் இல்லாமற் போன சந்தோசம் எல்லாம் இருக்கின்றன. பயம் மட்டும் இல்லை. எவ்வளவு தேடினாலும் அந்தக் கதைக்குள் எங்களுக்குப் பயம் அகப்படுவதில்லை. அது ஏன் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் எடுத்தது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறோம்.

'நாங்கள்' என்று எழுதுவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். நாங்கள் சகோதரர் இருவர். சிசிலித் தீவில் பலெர்மோ நகரத்தில் ஒரே உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறோம். மூத்தவர் அடுப்படியில், இளையவன் கோப்பை கழுவுமிடத்தில். இளையவன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்து, பட்டம் எடுக்காமல் 2013 இல் வெளிக்கிட்டவன். பேனா பிடிப்பது அவன். ஆனால் நினைவு இருவருக்கும் பொது. இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து, எண்ணெய் மணக்கும் உடுப்போடு வீட்டுக்கு நடக்கிற வழியில் கதைத்துக் கதைத்துச் சேர்த்தது இது. தங்கச்சி பாரிசில் இருக்கிறாள். அவளுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்குக் காடு ஞாபகமில்லை. புகை மணம் மட்டும் ஞாபகம் என்கிறாள்.

பலெர்மோவில் எண்பதுகளிலிருந்தே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். வயோதிபரைப் பார்ப்பது, வீடு துப்புரவாக்குவது, சமைப்பது என்று அனேகருக்கு வீட்டு வேலைதான். அப்பா ஊரில் காலமான பிறகு தனித்துப்போன அம்மா 2018 இல் எங்களிடம் வந்து சேர்ந்தார். வந்த புதிதில் அவர் பழைய கதை எதுவும் கதைத்ததில்லை. சந்தைக்குப் போவார். பல்லாரோச் சந்தையில் கத்தரிக்காயை அமத்திப் பார்த்துக் கடைக்காரனிடம் ஏச்சு வாங்குவார். பேரப்பிள்ளைகளுக்குப் புட்டு அவிப்பார். அவ்வளவுதான்.

2020 யூலை 15 ஆம் திகதி பலெர்மோவில் ஒரு மழை பெய்தது. கோடையில் ஒரு துளி விழாத ஊர் இது. அன்று பின்னேரம் இரண்டு மணித்தியாலத்துக்குள் நூறு மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. பெருந்தெருவின் சுரங்கப் பாதைகளில் கார்கள் மிதந்தன. ஆட்கள் கார்களை விட்டுவிட்டு நீந்தி வெளியே வந்தார்கள். நாங்கள் இருப்பது நாலாம் மாடி. மழை பிடித்த கையோடு அம்மா எழும்பினார். அரிசிப் பையைத் தூக்கி மேசையில் வைத்தார். தலையணைகளைக் கட்டிலின் நடுவில் குவித்தார். பிள்ளைகள் இரண்டையும் அதன்மேல் ஏற்றினார். லாச்சியைத் திறந்து எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பிறப்புப் பதிவுகளையும் எடுத்து ஒரு சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் செருகினார். இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. எழுபதை நெருங்குகிற மனிசி.

"அம்மா, நாலாம் மாடிக்கு வெள்ளம் வராது" என்றோம்.

"மழைக்கு மாடி தெரியுமே?" என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மா கதைக்கத் தொடங்கினார்.

*

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்ததை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. மூத்தவருக்கு ஏழு வயது, இளையவனுக்கு ஐந்து, தங்கச்சி அம்மாவின் இடுப்பில். அளவெட்டியிலிருந்து தென்மராட்சிக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தின் விறாந்தையில் ஆறு மாதம். 1996 சித்திரையில் ஆமி தென்மராட்சிக்கு வந்தபோது பலர் திரும்பி வலிகாமம் போனார்கள். நாங்கள் கிளாலிக் கடலைத் தாண்டிக் கிளிநொச்சிக்குப் போன பகுதி. அங்கே மூன்று மாதம் இருக்கவில்லை. ஆடியில் முல்லைத்தீவு முகாம் விழுந்தது. அந்த மாதமே 'சத்ஜெய' என்று பெயர் வைத்துக் கிளிநொச்சி நோக்கி வந்தார்கள். புரட்டாதி முடிவில் கிளிநொச்சி அவர்களின் கையில். நாங்கள் ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் நடுவில், காடு தொடங்குகிற இடத்தில், ஒரு பாலை மரத்தடியில்.

யாழ்ப்பாணத்தார் வன்னியைப் பற்றி வைத்திருந்த எண்ணம் வாசகர்களுக்குத் தெரியும். காய்ச்சல் பூமி, நுளம்புக்கடி, பாம்பு. தண்டனை இடமாற்றத்துக்கு உத்தியோகத்தர்களை அனுப்புகிற இடம். பிள்ளைக்கு வன்னியில் சம்பந்தம் என்றால் முகம் சுழிப்பார்கள். அப்படி நினைத்த சனத்துக்குத்தான் வன்னிச் சனம் வளவைத் திறந்துவிட்டது. அம்மாவுக்குக் காட்டில் பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர் இன்னும் ஒரு படி அப்பால் ஒதுக்கப்பட்டவர். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து வன்னியில் குடியேறிய குடும்பமொன்றின் மகள். கிளிநொச்சியிலிருந்து அவர்களும் இடம்பெயர்ந்து எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருந்தார்கள். அம்மாவை அவர் 'அக்கா' என்பார். எங்களுக்கு அவர் 'அன்ரி'. அவருக்கு ஒரே மகள். எங்கள் இருவருக்கும் நடுவயது. நாங்கள் அவளைச் 'சின்னவள்' என்றுதான் கூப்பிட்டோம்.

சின்னவளைப்போல மரம் ஏற எங்களில் யாராலும் முடியாது.

*

வன்னி வருடம் முழுக்க மழை பெய்கிற இடம் அல்ல. வருடத்தில் பாதிக்குமேல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஆனால் ஐப்பசியில் பிடித்தால் தை வரைக்கும் விடாது. அந்த மூன்று மாதத்தில் காடு வேறொரு காடாகிவிடும். நேற்று நடந்த பாதை இன்று வாய்க்கால். மழை மரத்தில் பெய்து ஓய்ந்தாலும், மரம் எங்கள்மேல் பெய்வது ஓயாது.

கொட்டில் என்பது நாலு கப்பு, நடுவில் ஒரு வளை, மேலே ஒரு தறப்பாள். தறப்பாளுக்குள் தண்ணீர் தேங்கி வயிறு வைத்துவிடும். விட்டால் கிழியும், அல்லது கப்போடு சாயும். அம்மா உள்ளிருந்து ஒரு தடியால் அந்த வயிற்றைத் தள்ளித் தண்ணீரை வழிய விடுவார். எங்களுக்கு அது விளையாட்டு. "யானை தண்ணி விடுது" என்று கத்துவோம். அம்மா சொன்ன கணக்குப்படி ஒரு மாரி இரவில் பத்துப் பதினைந்து தடவை அவர் எழும்பியிருக்கிறார். "எழும்பினனான் எண்டு என்னெண்டு சொல்லுறது, படுத்தால்தானே எழும்புறதுக்கு" என்றார். எங்கள் உணவகத்தின் முன்னால் மேசைகளுக்கு மேலே ஒரு துணிப்பந்தல் இருக்கிறது. மழை பெய்தால் மேசை பரிமாறுகிற பெடியன் தும்புத்தடிப் பிடியால் அதே மாதிரித் தள்ளுவான். கண்ணாடிக்குள்ளால் பார்த்து நாங்கள் சிரிப்போம். இப்போது சிரிப்பு வருவது குறைவு.

கொட்டிலைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று அன்ரிதான் காட்டினார். உள்ளே களிமண் போட்டு நிலத்தை உயர்த்த வேண்டும். சாணி மெழுகினால் மாரியில் காயாது. சாம்பலைத் தூவித்தான் ஈரத்தை எடுக்கலாம். நிலம் நனைந்தால் ஊருவதெல்லாம் காய்ந்த இடம் தேடி வரும். மட்டத்தேள் வரும், தேள் வரும், புடையன் வரும். காய்ந்த இடம் என்றால் பிள்ளைகள் படுக்கிற இடம்தான். அம்மா ஒவ்வொரு நாளும் பொழுதுபட எங்கள் பாயை உதறி, சாக்கை உதறி, எங்களையும் உதறுவார். 'உதறல் பூசை' என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். பூசை முடிந்தால்தான் கதை சொல்லுவார்.

இரவில் வெளிக்குப் போவதென்றால் கைதட்டிக்கொண்டு, "ஐயனாரே, நாங்கள் வாறம்" என்று உரத்துச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். குளக்கட்டு ஐயனார் இரவில் காட்டுக்குள் உலாப் போவார், அவரோடு மோதக்கூடாது, சத்தம் கேட்டால் அவர் ஒதுங்கி வழி விடுவார் என்பது அம்மா சொன்ன விளக்கம். கையிலே தடி, தடியால் நிலத்தில் தட்டு, மற்றவன் கைதட்டு, சின்னவள் வந்தால் ஒரு பாட்டும் சேரும். ஐயனாருக்கு வழி கேட்டுப் போன எங்களுக்கு, அது பாம்புக்கும் யானைக்கும் என்று பலெர்மோவில்தான் தெரிய வந்தது.

நெருப்புப்பெட்டி அப்போது கிடைத்தற்கரிய பொருள். மண்ணெண்ணெய், சவர்க்காரம், மருந்து, பற்றரி என்று அரசாங்கத்தின் தடையும் கட்டுப்பாடும் இருந்த பொருட்களின் பட்டியல் நீளமானது. அம்மா அடுப்பை நூரவிட்டதே இல்லை. இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைப்பார். தணல் நனைந்தால் அன்ரியின் கொட்டிலிலிருந்து சிரட்டையில் வாங்கி வருவார். அவர்களுடையது நூர்ந்தால் எங்களிடமிருந்து போகும். 'இரண்டு வீட்டுக்கும் ஒரு நெருப்பு' என்பார் அம்மா. வெளிச்சத்துக்கு ஜாம்போத்தல் விளக்கு. போத்தலுக்குள் பஞ்சு, பஞ்சில் கொஞ்ச எண்ணெய், மெல்லிய குழாயில் ஒரு நூல் திரி. ஒரு கரண்டி எண்ணெயில் ஒரு இரவு. உடுப்புக் காய்வது அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில். எல்லா உடுப்பிலும் புகை மணம். தங்கச்சிக்கு ஞாபகமிருப்பது அதுதான்.

கிபிர் விமானங்கள் வரத் தொடங்கிய வருடம் அது. பங்கர் வெட்டித்தான் வைத்திருந்தோம். மாரியில் பங்கர் கிணறாகிவிடும். அம்மா விடியப் பால்மா ரின்னால் தண்ணீர் இறைப்பார். மத்தியானம் திரும்பவும் நிரம்பியிருக்கும். நாங்கள் அதற்குள் தவளைக் குஞ்சு பிடிப்போம். "தவளையளுக்கு வீடு கட்டிக் குடுத்தனாங்கள்" என்று அம்மா சொல்ல, அதை நம்பி அந்தத் தவளைகளுக்குப் பெயரும் வைத்திருந்தோம். ஒரு பங்கர் நிரம்பினால் பிள்ளைகள் எங்கே பதுங்குவது என்பதுதான் அந்த மாரி முழுவதும் தன்னுடைய மண்டைக்குள் ஓடிய ஒரே கேள்வி என்று அம்மா இப்போது சொல்கிறார்.

மொந்தே பெல்லெகிரினோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. பலெர்மோத் தமிழருக்கு அது சொந்தக் கோயில் மாதிரி. வேதக்காரரும் சைவக்காரரும் வெறுங்காலோடு ஏறுவார்கள். 1624 இல் இந்த நகரத்தைக் கொள்ளைநோய் பிடித்தபோது அந்தக் குகையில் அவருடைய எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன, அதன் பிறகு நோய் அடங்கியது என்பது இங்குள்ள நம்பிக்கை. குகையின் கூரை எப்போதும் ஒழுகும். ஒழுகும் நீரைப் பிடித்து ஓரத்துக்குக் கொண்டுபோகக் கூரை முழுக்கத் தகடு மடித்துப் பீலி கட்டியிருக்கிறார்கள். அம்மாவை முதன்முறை கூட்டிக்கொண்டு போனபோது அவர் சிலையைக் கும்பிட முன்னம் அண்ணாந்து அந்தப் பீலிகளைத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பாத்தியளே, இந்த மனிசிக்கும் ஒழுகியிருக்கு."

*

மழையைவிட அம்மா அதிகம் பயந்தது காய்ச்சலுக்கு.

வன்னியில் மலேரியா வராத வீடு அப்போது இருக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கும். மூன்று பிள்ளைகளில் யாருக்கு எந்த நாள் நடுக்கம் என்று அம்மா கப்பில் கரியால் கோடு போட்டு வைத்திருப்பார். எங்களுக்கு அது கிரிக்கெட் ஓட்டக் கணக்குப் போல. "இண்டைக்கு நீ அவுட்" என்று ஒருவரை ஒருவர் நெளிப்போம். குளோரோகுயின் குளிசையின் கைப்பு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. பனங்கட்டித் துண்டுக்குள் குளிசைத் தூளை அமத்தி, 'காட்டு லட்டு' என்று அம்மா தருவார். பனங்கட்டி கிடைக்காத நாளில் லட்டு இல்லை, குளிசை மட்டும். நிவாரண அரிசியில் கஞ்சி வைத்து, காட்டோரத்து முசுட்டை இலையை அரிந்து போட்டு, அதைக் குடித்து முடித்தவர்தான் அன்றைய ராசா.

இலங்கையில் 1963 இல் நாடு முழுவதிலும் பதினேழு பேருக்குத்தான் மலேரியா இருந்தது. ஒழிந்தது என்று நினைத்துக் கையை விட்டார்கள். அறுபதுகள் முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. எங்கள் சின்ன வயது இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. அதிலும் யுத்தமும் தடையும் இருந்த பக்கத்தில் விழுந்துவிட்டது.

இந்தச் செய்தியை இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் ஒரு சிசிலியன் கிழவி இருக்கிறார். தன்னுடைய தாய் மூட்டைப் பயிர் நிலங்களில் வேலை செய்து காய்ச்சலோடு வீட்டுக்கு வருவார் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் பொதுப் பாசை கிடையாது. ஒருவர் கையை உதறி நடுங்கிக் காட்ட மற்றவர் விளங்கிக்கொண்டார். அனோபிலிஸ் நுளம்புதான் மனிதருக்கு மலேரியாவைக் கடத்துகிறது என்று 1898 இல் காட்டியவர் கிராசி என்ற இத்தாலியர். 1900 இல் சட்டம் போட்டு, அரசாங்கமே குயினைனை மலிவாக விற்றது. விற்ற இடம் உப்பும் புகையிலையும் விற்கும் கடைகள். இன்றைக்கும் 'தபாக்கி' என்று பலகை தொங்குகிற, நாங்கள் ரெலிபோன் காசு போடப் போகிற அதே மாதிரிக் கடைகள். இந்த நாட்டிலிருந்தும் மலேரியா போய்விட்டது என்று அறிவித்தது 1970 இல்தான். இளையவன் இதையெல்லாம் வாசித்து வந்து சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "சிகரெட் கடையிலயோ? எல்லாருக்குமோ?"

*

சின்னவள் இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம்.

அதில் சந்தேகப்பட எதுவும் இருக்கவில்லை. 1996 இல் மன்னார்க் கரைக்குப் போய் வள்ளமேறி இராமேஸ்வரம் போன சனம் ஏராளம். அன்ரியின் ஆட்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 1996 மார்கழியில் ஒருநாள் அவர்களுடைய கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. "சின்னவளும் போட்டாளோ?" என்று கேட்டோம். "ஓம். இந்தியாவுக்கு" என்றார் அம்மா. எங்களுக்குக் கோபமாக இருந்தது. சொல்லாமல் போய்விட்டாள். பிறகு பொறாமை. அங்கே ரயில் இருக்கும், ஐஸ்கிறீம் இருக்கும், படம் பார்க்கலாம். 2002 இல் ஏ9 பாதை திறந்து ஊருக்குத் திரும்பி வந்தபோதும், சின்னவள் மண்டபம் முகாமிலிருந்து எங்கே போயிருப்பாள், கலியாணம் கட்டியிருப்பாளோ என்று கதைத்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன காட்டுக் கதைகளில் எல்லாம் உச்சிக் கொப்பில் அவள் இருப்பாள்.

2022 இல் அவளைத் தேடத் தொடங்கினோம். ரெலிபோனும் முகப்புத்தகமும் இருக்கிற காலத்தில் தேடினால் கிடைக்காதவர் யார்? தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து பிறகு ஐரோப்பா வந்த ஒரு நண்பர், மலையகத்து ஆட்கள் இருந்த முகாம்களில் விசாரித்துப் பார்க்கலாம் என்றார். அந்தச் சந்தோசத்தை அம்மாவுக்குச் சொன்னோம். அன்ரியின் முழுப்பெயரைக் கேட்டோம்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியை வைத்தார்.

"தேடாதேங்கோ" என்றார்.

பிள்ளைகள் படுத்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். கார்த்திகை விளக்கீடு முடிந்த இரண்டாம் நாள். சின்னவளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், ஒருநாள் விட்டு ஒருநாள் அல்ல, விடாத காய்ச்சல். விடியப்புறம் வலிப்பு வந்தது. தகப்பன் சைக்கிளில் அக்கராயன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். மழையில் பாதை இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்திருக்கிறார். அரைவழியில் தோள் பாரம் மாறியது தெரிந்து, திரும்பி நடந்து வந்தார்.

அன்று தங்கச்சிக்கும் காய்ச்சல். கப்பில் மூன்றாவது கோடு.

அம்மாவும் அன்ரியும் சேர்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். வெளியே மழை, சுடுதண்ணி எங்கள் அடுப்பில். மாற்ற ஒரு காய்ந்த சட்டை அவர்களிடம் இருக்கவில்லை. தீபாவளிக்கு என்று அப்பா எங்கேயோ வாங்கி வந்து, எங்கள் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த மூத்தவரின் புதுச் சேட்டைப் போட்டு அனுப்பினார்கள். அது எப்படித் தொலைந்தது என்று மூத்தவர் கேட்டபோது வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று அம்மா சொன்னது எங்களுக்கு நல்ல ஞாபகம். குழந்தை என்பதால் தாட்டார்கள். கிடங்கு வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. ரின்னால் இறைத்து இறைத்து வெட்டினார்கள். எந்த ரின் என்று நாங்கள் கேட்கவில்லை.

"நாங்கள் எங்கையம்மா நிண்டனாங்கள்?"

"அப்பாவோட விட்டனான். குளம் பாக்க."

அக்கராயன் குளம் வான் பாய்வதைப் பார்க்கப் போன நாள்! அது எங்களுடைய கதையில் முதல் கதை. எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம். குளம் நிரம்பி, வான்கதவால் தண்ணீர் வெள்ளையாகப் பாய, நாங்கள் இருவரும் அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு சாரல் முகத்தில் அடிக்க நின்றது. அப்பா ஒருநாளும் இல்லாதவாறு எங்களை மாறி மாறித் தோளில் தூக்கியது. வானில் துள்ளின மீனைச் சனம் சாரத்தால் பிடித்தது. பொழுதுபட்ட பிறகும் அப்பா வீட்டுக்குப் போவோம் என்று சொல்லாமல் நின்றது. எங்கள் இருவருக்கும் வாழ்க்கையில் அப்படியொரு நாள் பிறகு வரவில்லை என்று பாரிசிலிருக்கிற தங்கச்சியிடம் பெருமையடிப்போம்.

அப்பா ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்பது எங்களுக்கு இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு தெரிந்தது.

*

"ஏனம்மா சொல்லேல்லை?" என்று கேட்டதற்கு அம்மா யோசிக்காமல் பதில் சொன்னார். பல வருடமாக ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும்.

"சொல்லியிருந்தால் அடுத்த நடுக்கத்துக்கு நீங்கள் பயத்திலயே போயிருப்பியள். பயந்த பிள்ளைக்குக் கஞ்சி இறங்காது. கஞ்சி இறங்காட்டி மருந்து தங்காது. எனக்கு அந்த மாரியில இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். நீங்கள் மூண்டு பேரும் பயப்பிடாமல் இருக்க வேணும்."

அன்ரி இரண்டு கிழமை கழித்துப் புருசனோடு மன்னாருக்கு வெளிக்கிட்டார். பாஸ் எடுக்க அலைந்து, பிறகு எப்படியோ போனார்கள். போகிற அன்று விடிய, எங்களை எழுப்ப வேண்டாம் என்று சொல்லி, தங்களுடைய அடுப்புத் தணலைச் சிரட்டையில் கொண்டுவந்து எங்கள் அடுப்பில் கொட்டிவிட்டுப் போனாராம். அதற்கு மேல் அவர்களைப் பற்றி அம்மாவுக்கும் தெரியாது.

எங்கள் இருவருக்கும் இதில் ஒத்த கருத்து இல்லை. 'நாங்கள்' என்று எழுதத் தொடங்கிய கட்டுரையில் இந்த ஒரு இடத்தில் அது உடைகிறது. மூத்தவர் அம்மாவின் பக்கம். அந்த மாரியில் மூன்று பிள்ளைகளையும் உயிரோடு வெளியே கொண்டுவந்த ஒருத்தியிடம், எப்படிக் கொண்டுவந்தாய் என்று குசினியில் சம்பளத்துக்கு நிற்கிற நாங்கள் கணக்குக் கேட்க முடியாது என்கிறார். இளையவன் அப்படி நினைக்கவில்லை. சின்னவளுக்கு உலகத்தில் இருந்த கூட்டாளிகள் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்காக அழ வேண்டியவர்கள் அன்று வான் பார்த்துக் கைதட்டினார்கள். பிறகு இருபத்தாறு வருடம் அவளோடு கோபமும் பொறாமையுமாக இருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு அவளுடைய சாவும் கிடைக்காமல் போனது சரியா என்று அவன் கேட்கிறான். வேலை முடிந்து நடக்கிற வழியில் இதைப் பலமுறை தர்க்கித்திருக்கிறோம். முடிவு வரவில்லை.

ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறோம். அந்த இரண்டு வருட வன்னியைப் பற்றி எழுதப்பட்டவை நிறைய. எந்த நடவடிக்கைக்கு என்ன பெயர், எந்தத் திகதி எந்தச் சந்தி விழுந்தது, இரு பக்கத்திலும் எத்தனை பேர். 1997 வைகாசியில் 'ஜெயசிக்குறு' தொடங்கியதும் 1998 மார்கழியில் அது கைவிடப்பட்டதும் புத்தகங்களில் இருக்கின்றன. தறப்பாளின் வயிற்றை இரவிரவாகத் தள்ளிக்கொண்டு நின்றவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தணல் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்பதும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மூன்றைக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்த மலையகத்துப் பெண் தன்னுடைய ஒன்றை அங்கே தாட்டுவிட்டுப் போனார் என்பது ஒரு கணக்கிலும் வராது. அந்தத் தலைமுறைத் தாய்மாருக்கு இப்போது எழுபது வயதாகிறது. எங்கள் வீட்டில் ஒரு கோடை மழை பெய்யாமல் விட்டிருந்தால் இதுவும் வந்திராது.

எங்கள் பிள்ளைகள் ரெலிவிசனில் இடிந்த கட்டடங்களையும் கூடாரங்களுக்குள் மழைத்தண்ணீர் ஓடுவதையும் பார்க்கிறார்கள். "அப்பம்மா, நீங்களும் இப்பிடி இருந்தனீங்களோ?" என்று மூத்தவரின் மகள் கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. சின்னவள் அப்போது இருந்த வயதைவிட ஒன்று கூட. அப்பம்மா தவளைக் கதையைச் சொன்னார். பிள்ளை சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

விளக்கீடு முடிந்து இரண்டாம் நாள் எங்கள் வீட்டு பல்கனியில் அம்மா தனியாக ஒரு சுட்டி விளக்கு வைப்பார். வந்த வருடத்திலிருந்தே வைக்கிறார். மிஞ்சிய எண்ணெயை வீணாக்காமல் வைக்கிறார் என்று நினைத்திருந்தோம். போன கார்த்திகையில் அந்த விளக்கு யாருக்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். அம்மா எங்களைப் பார்த்தார். நாங்கள் அம்மாவைப் பார்த்தோம். ஐயனாருக்கு என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொல்லவில்லை.

அன்றிரவு வேலையால் வந்தபோது அவர் படுக்காமல் இருந்தார்.

"எனக்கு அண்டைக்கு வேற வழி இருக்கேல்லை" என்றார். "உங்களுக்கு இருக்கு. இஞ்ச வீடு ஒழுகேல்லை."

இந்தக் கார்த்திகையில் பிள்ளைகள் திரும்பவும் கேட்பார்கள். என்ன சொல்வது என்று நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. அவள் மரம் ஏறுவதில் இருந்து தொடங்கலாம் என்று மட்டும் பேசி வைத்திருக்கிறோம்.